நெட்டு சொதப்புற இடத்துல எந்த கோடெக் தாங்கும்? நாமளே டெஸ்ட் பண்ணிப் பாக்குறது எப்படி

கோடெக்ங்கிறது வீடியோவ சுருக்கி, திரும்ப விரிக்கிற முறை. அதுல எச்.264 நல்லதா, எச்.265 நல்லதா, ஏவி1 நல்லதான்னு யார்கிட்ட கேட்டாலும் உடனே ஒரு பார் சார்ட்ட தூக்கிட்டு வந்துடுவாங்க, அதுல ஏவி1 ஜெயிச்சிருக்கும். அந்த சார்ட் பொய் இல்ல. ஆனா அது ஒரு பாக்கெட் (நெட்டுல டேட்டா போற சின்னத் துண்டு) கூட தொலையாத நிலைமையில, "எவ்ளோ நேரம் வேணாலும் எடுத்துக்கோ"ன்னு என்கோடர (சுருக்குற சாஃப்ட்வேர்) விட்டு எடுத்த கணக்கு. ஊர்த் திருவிழாவ 4ஜி மோடம் வச்சு லைவ் விடுறவங்க, ட்ரோன்ல இருந்து படம் எடுத்து அனுப்புறவங்க, வீடியோ கால் ஆப் எழுதுறவங்க, இவங்களுக்கெல்லாம் அந்த சார்ட் பாதி கூட உதவாது.

என்னைக் கேட்டா, மோசமான நெட்டுல கோடெக் பேரு மூணாவது நாலாவது விஷயம் தான். எவ்ளோ லேட் ஆனா பரவால்லங்கிறது, ஃபிரேம்கள எப்படி ஒன்ன ஒன்னு நம்ப வைக்கிறோம்ங்கிறது, தொலைஞ்ச பாக்கெட்ட எப்படி மீட்குறோம்ங்கிறது, இந்த மூணும் தான் முதல்ல வரும். இதெல்லாம் ஒரே மாதிரி வச்சுட்டு கோடெக்க மட்டும் மாத்திப் பாத்தா தான் அது கம்பேரிசன். எப்படி பண்றதுன்னு வரிசையா சொல்றேன், லினக்ஸ் ஓடுற ஒரு பழைய லேப்டாப்பும் எஃப்எஃப்எம்பெக்கும் (வீடியோவ சுருக்கி மாத்துற சாஃப்ட்வேர்) இருந்தா ஆரம்பிச்சிடலாம்.

ஸ்டெப் 1: எவ்ளோ லேட் தாங்கும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இத முடிவு பண்ணாம மேல போகாதீங்க, ஏன்னா பாதி பேருக்கு இங்கயே வேலை முடிஞ்சிடும். 20, 30 செகண்ட் லேட்டா வந்தாலும் ஓகேன்னா எச்எல்எஸ் இல்லன்னா டேஷ்ல விடுங்க, வீடியோவ செக்மென்ட்னு துண்டு துண்டா வெட்டி அனுப்புற முறைங்க இது. இது ரெண்டும் எச்டிடிபி மேல ஓடுறது, கீழ டிசிபியோ க்விக்கோ இருக்கும், தொலைஞ்ச பாக்கெட்ட அதுவே திருப்பி அனுப்பி வாங்கிடும். கோடெக்கோட கண்ணுக்கு லாஸ்னு ஒன்னு தெரியவே தெரியாது, ஸ்பீடு குறையுது கூடுதுன்னு மட்டும் தான் தெரியும். ஆப்பிள் எச்எல்எஸ்ஸுக்கு 6 செகண்ட் செக்மென்ட் தான் சொல்லுது, அந்த அளவு பஃபர் (முன்கூட்டி சேத்து வச்ச வீடியோ) இருந்தா நல்லா சுருக்குற கோடெக் தான் ஜெயிக்கும், பார் சார்ட் இங்க நம்பலாம். 240பில இருந்து 1080பி வரைக்கும் நாலஞ்சு குவாலிட்டி ரெடி பண்ணி வச்சுட்டு பிளேயர் கிட்ட விட்டுடுங்க, இந்தக் கட்டுரைல பாக்கி எதுவும் உங்களுக்கு ரொம்ப தேவைப்படாது.

ஒரு செகண்டுக்குள்ள வேணும், ஆனா எதிர்ல இருந்து யாரும் பதில் பேசப்போறதில்லன்னா (ஸ்பாட்ல இருந்து ஸ்டூடியோவுக்கு ஃபீட் அனுப்புறது மாதிரி) எஸ்ஆர்டி, ரிஸ்ட் மாதிரி யூடிபி (தொலைஞ்சத தானா திருப்பி அனுப்பாதது) மேல ஓடுற புரோட்டோகால் சரியா இருக்கும். ரெண்டு பக்கமும் பேசணும்னா வெப்ஆர்டிசி (பிரவுசர்லயே வீடியோ கால் பேச வைக்கிற முறை) தான், வேற யோசனை வேண்டாம். பேச்சுக்கு ஒரு பக்க தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா நல்லதுன்னு ஐடியு (உலக தொலைத்தொடர்பு அமைப்பு) ஜி.114ல சொல்லிருக்காங்க, அதுக்கு மேல போகப் போக ஒருத்தர் பேச்சுல ஒருத்தர் மோதிக்கிட்டே இருப்பீங்க.

ஸ்டெப் 2: உங்க நெட்டு எப்படி சொதப்புதுன்னு பாருங்க

"நெட்டு மோசம்"ங்கிறது ஒரே வியாதி இல்ல. ஸ்பீடு பத்தாம போறது ஒன்னு, ஸ்பீடு இருந்தும் அப்பப்ப பாக்கெட் உதிர்றது ஒன்னு, ரெண்டு மூணு செகண்ட் மொத்தமா செத்துப்போய் திரும்ப உயிர் வர்றது ஒன்னு (டவர் மாறும்போது இதான் நடக்கும்). ஐபெர்ஃப்3ய (நெட்ட அளக்குற டூல்) யூடிபி மோடுல போட்டு, நீங்க அனுப்பப்போற பிட்ரேட்லயே (செகண்டுக்கு எவ்ளோ டேட்டாங்கிறது) ஒரு அஞ்சு பத்து நிமிஷம் ஓட விடுங்க, கூடவே பிங்கும் ஓடட்டும். நீங்க லைவ் விடப்போற அதே இடம், அதே நேரம். காலைல ஆறு மணிக்கு காலி மைதானத்துல எடுத்த கணக்கு, சாயங்காலம் கூட்டம் சேந்து எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கும்போது செல்லாது.

சராசரி லாஸ மட்டும் எழுதிக்காதீங்க. 1% லாஸ்னா நூத்துக்கு ஒன்னுன்னு சீரா விழுந்திருக்கலாம், இல்ல ரெண்டாயிரம் பாக்கெட்டு ஒழுங்கா போய்ட்டு இருபது பாக்கெட் ஒரே அடியா விழுந்திருக்கலாம். வயர்லெஸ்ல பெரும்பாலும் ரெண்டாவது ரகம் தான். நல்ல நிலை, கெட்ட நிலைன்னு ரெண்டு நிலைக்கு நடுவுல நெட்டு தாவிக்கிட்டே இருக்கும்னு வச்சு கணக்கு போடுற கில்பர்ட்-எலியட் மாடல் 1960கள்லயே வந்தது, இன்னிக்கும் டெஸ்ட்டுக்கு அத தான் யூஸ் பண்றோம்.

ஸ்டெப் 3: ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாத்துக்கோங்க

1 எம்பிபிஎஸ், செகண்டுக்கு 25 ஃபிரேம்னு வச்சுக்கோங்க. ஒரு ஃபிரேம் சராசரியா 5000 பைட். பாக்கெட்டுக்கு 1200 பைட் போட்டா (வெப்ஆர்டிசி சுமாரா இந்த சைஸ் தான் போடும்) ஒரு ஃபிரேமுக்கு 5 பாக்கெட். 1% லாஸ்ல இந்த அஞ்சும் ஒழுங்கா போய் சேர 95% வாய்ப்பு. அட பரவால்லயேன்னு தோணும். ஆனா ஐ-ஃபிரேம், அதாவது முழுப் படமும் அடங்குன ஃபிரேம், இத விட பல மடங்கு பெருசு. 30 பாக்கெட்னு வச்சாலும் அது முழுசா போய் சேர 74% தான், நாலுல ஒன்னு ஓட்டை விழுந்து தான் போகும். அதுக்கப்புறம் வர்ற பி-ஃபிரேம் (இங்கிலீஷ்ல P) எல்லாம் அந்த ஐ-ஃபிரேம நம்பித்தான் இருக்கு, "முன்னாடி படத்துல இருந்து இது மட்டும் மாறிருக்கு"ன்னு சொல்றது தான் பி-ஃபிரேம். முன்னாடி படமே ஓட்டைன்னா அந்த ஓட்ட அடுத்த ஐ-ஃபிரேம் வர்ற வரைக்கும் கூடவே நகந்துக்கிட்டு வரும். பச்சையும் சாம்பலுமா கட்டம் கட்டமா முகத்து மேல ஊர்றத பாத்திருப்பீங்க, அது இதான்.

2 செகண்டுக்கு ஒரு ஐ-ஃபிரேம்னா அந்த ஒரு ஜிஓபிக்கு (ஒரு ஐ-ஃபிரேமும் அடுத்த ஐ-ஃபிரேம் வரைக்கும் வர்ற ஃபிரேமும் சேந்த கூட்டம்) 50 ஃபிரேம், சுமார் 250 பாக்கெட். 250ம் சேதாரமில்லாம போக வாய்ப்பு 8% தான். வெறும் 1% லாஸுக்கே இந்த கதி. மீட்குறதுக்கு வழி வைக்காம எந்த கோடெக்க போட்டாலும் நூத்துக்கு 92 ஜிஓபில ஏதோ ஒரு கறை இருக்கும்.

இதுலயே இன்னொரு விஷயமும் ஒளிஞ்சிருக்கு, இத பல பேர் தலைகீழா சொல்றாங்க. நல்லா சுருக்குற கோடெக்ல ஒவ்வொரு பாக்கெட்லயும் சரக்கு அதிகம், அதனால ஒன்னு தொலைஞ்சா சேதம் அதிகம், மூட்டைல இருந்து நாலு அரிசி சிந்துறதுக்கும் சுருக்குப்பைல இருந்து நாலு காசு விழுறதுக்கும் உள்ள வித்தியாசம்னு சொல்வாங்க. வாஸ்தவம் தான். ஆனா அதே படத்த பாதி பிட்ரேட்ல அனுப்புனா பாக்கெட் எண்ணிக்கையும் பாதி, 125 பாக்கெட்டும் முழுசா போற வாய்ப்பு 28% ஆகிடுது. அப்போ புது கோடெக் நல்லது தானே? நல்லது தான், மிச்சம் புடிச்ச பிட்ட 720பிய 1080பி ஆக்குறதுக்கு செலவு பண்ணாம இருந்தா. ஆனா யாரும் அப்படி இருக்குறதில்ல.

ஸ்டெப் 4: எல்லா என்கோடரையும் ஒரே தளத்துல நிறுத்துங்க

தப்பான முடிவு வர்றது பெரும்பாலும் இங்க தான். எக்ஸ்264ல (எச்.264 என்கோடர்) ஸீரோலேட்டன்ஸி ட்யூன (லேட்ட குறைக்கிற செட்டிங்) போட்டுட்டு, ஏவி1ஐ டீஃபால்ட்லயே ஓட விட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சா அது போட்டியே இல்ல. டீஃபால்ட்ல விபி9 (கூகுளோட கோடெக்), ஏவி1 என்கோடர் எல்லாம் முன்கூட்டி இருபது முப்பது ஃபிரேம வாங்கி வச்சு பாத்துட்டு தான் முடிவெடுக்கும், லைவ்ல அது ஒரு செகண்ட் லேட்டு.

லோ லேட்டன்ஸி டெஸ்ட்டுக்கு எல்லாத்துக்கும் பொதுவா வைக்க வேண்டியது: பி-ஃபிரேம் (மேல சொன்ன P இல்ல, முன்னாடி பின்னாடி ரெண்டு பக்க ஃபிரேமையும் பாக்குற B) கிடையாது, முன்கூட்டி பாக்குறது பூஜ்யம், கீஃபிரேம் (ஐ-ஃபிரேம்) இடைவெளி ஒரே அளவு, ரேட் கன்ட்ரோல் பஃபர் சின்னது, ஸ்பீடு ப்ரீசெட் உங்க மெஷின்ல ரியல்டைம்ல ஓடுற அளவு. எக்ஸ்264க்கு ஸீரோலேட்டன்ஸி ட்யூனே இதுல பாதிய பாத்துக்கும். லிப்விபிஎக்ஸ்ல (விபி8, விபி9 என்கோடர்) டெட்லைன ரியல்டைம்னு வச்சு லேக்-இன்-ஃபிரேம்ஸ 0 ஆக்கணும், எரர் ரெசிலியன்ட்ட ஆன் பண்ணணும். எஸ்விடி-ஏவி1ல (ஏவி1 என்கோடர்) லோ டிலே ப்ரெடிக்‌ஷன் ஸ்ட்ரக்சர், ப்ரீசெட் 8க்கு மேல. இப்படி எல்லாத்தையும் கட்டிப்போட்ட பிறகு "எச்.265 பாதி பிட்ரேட் போதும்"ங்கிற கணக்கெல்லாம் அப்படியே நிக்காது, வித்தியாசம் சுருங்கிடும். எவ்ளோ சுருங்கும்னா அது உங்க படத்தப் பொறுத்தது, அதனால தான் டெஸ்ட்டே பண்றோம்.

கிளிப்பு மூணு ரகமாவது எடுத்துக்கோங்க: உக்காந்து பேசுற முகம், ஓடியாடுற கூட்டம் (கபடி மேட்ச் அருமையான டெஸ்ட், மண்ணு பறக்குறது எந்த என்கோடரையும் திணற வைக்கும்), ஸ்கிரீன் ஷேர். ஏற்கனவே யூடியூப்ல இருந்து இறக்குன வீடியோவ வச்சு பண்ணாதீங்க, அது ஒரு தடவ சுருங்குனது. ஸிஃப் (Xiph) தளத்துல சுருக்காத டெஸ்ட் கிளிப்புகள் இலவசமா கிடைக்குது.

ஸ்டெப் 5: நெட்ட நீங்களே கெடுங்க

லினக்ஸ்ல டிசி கமாண்டுக்குள்ள நெட்எம்னு ஒன்னு இருக்கு, டிலே, ஜிட்டர் (டிலே ஏறி இறங்குறது), லாஸ் எல்லாம் நம்ம இஷ்டத்துக்கு வைக்கலாம், கில்பர்ட்-எலியட் மாதிரி கொத்துக் கொத்தா விழவும் வைக்கலாம். விண்டோஸ்ல கிளம்ஸி, மேக்ல நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர். நெட்எம்ல சில குழி இருக்கு, முன்னாடியே தெரிஞ்சா நல்லது. அனுப்புற மெஷின்லயே லாஸ் வச்சா பாக்கெட் விழுந்தது மேல இருக்குற டிசிபிக்கே தெரிஞ்சுபோய் உடனே திருப்பி அனுப்பிடும், லாஸே இல்லாத மாதிரி ரிசல்ட் வரும், அதனால நடுவுல ஒரு மெஷினோ விர்ச்சுவல் மெஷினோ பிரிட்ஜா வச்சு அதுல கெடுங்க. ஜிட்டர் வச்சா பாக்கெட் வரிசையும் மாறும், நிஜ நெட்டுல அவ்ளோ மாறாது. டிலே கூட வச்சா க்யூ லிமிட்ட ஏத்தணும், டீஃபால்ட் 1000 பாக்கெட், அது நிரம்புனா நீங்க கேக்காத லாஸும் சேந்து விழும்.

இன்னொன்னு, வாங்குற பக்கம் யூடிபி பஃபர் சின்னதா இருந்தா உங்க லேப்டாப்பே பாக்கெட்ட கீழ போடும். முதல்ல லாஸ் பூஜ்யம்னு வச்சு ஒரு ரன் ஓட்டி, நிஜமாவே பூஜ்யம் தானான்னு பாத்துட்டு தொடங்குங்க.

வைக்க வேண்டிய அளவு: 0%, 1%, 3%, 5%, 10%. ஒவ்வொன்னையும் சீரா ஒரு தடவ, கொத்தா ஒரு தடவ. அதோட ரெண்டு செகண்ட் மொத்தமா கட் பண்ணி திருப்பி விடுற டெஸ்ட் ஒன்னு, இது ரொம்ப முக்கியம், இத யாரும் பண்றதில்ல.

ஸ்டெப் 6: மீட்புக்கு ஒரு வழி வைங்க, அதோட சேத்து கம்பேர் பண்ணுங்க

மூணு வழி இருக்கு. முதல் வழி, தொலைஞ்சத திருப்பிக் கேக்குறது. எஸ்ஆர்டி இதத்தான் பண்ணுது, ஹைவிஷன் கம்பெனி 2017ல ஓப்பன் சோர்ஸா விட்டது. டீஃபால்ட் லேட்டன்ஸி 120 மில்லிசெகண்ட், ஆனா ஆர்டிடிய (பாக்கெட் போய் திரும்பி வர்ற நேரம், பிங் காட்டுறது இதத்தான்) போல நாலு மடங்கு வைக்கணும்ங்கிறது வழக்கம். 4ஜில உங்க பிங் 80 காட்டுதுன்னா 320ஆவது வைக்கணும், கொத்து லாஸ் இருந்தா இன்னும் கூட. நிறைய பேர் 120லயே விட்டுட்டு "எஸ்ஆர்டி வேஸ்ட்டு"ன்னு சொல்லிட்டு திரும்ப ஆர்டிஎம்பிக்கே (டிசிபி மேல ஓடுற பழைய லைவ் புரோட்டோகால்) போயிடுறாங்க. நேரம் இருந்தா இந்த வழிய மிஞ்ச எதுவுமில்ல, தொலைஞ்சத மட்டும் தான் திருப்பி அனுப்புறோம், வேற செலவே கிடையாது.

ரெண்டாவது வழி எஃப்இசி, முன்கூட்டியே உபரி பாக்கெட் சேத்து அனுப்புறது. 10 பாக்கெட்டுக்கு 2 உபரின்னு ரீட்-சாலமன் முறைல போட்டா 12ல எந்த ரெண்டு தொலைஞ்சாலும் மீட்டுடலாம். 1% சீரான லாஸ்ல 5000 குரூப்புக்கு ஒன்னு தான் தோக்கும். 5% ஆனா 50க்கு ஒன்னு. ஆனா ஒரே குரூப்புல தொடர்ந்து மூணு பாக்கெட் விழுந்தா அவ்ளோதான், கணக்கெல்லாம் காத்துல. அதுக்கு பாக்கெட்ட கலைச்சு அடுக்கி அனுப்பணும், கலைச்சு அடுக்குனா லேட் ஆகும். இதுக்கு 20% பிட்ரேட் எப்பவுமே கட்டணும், நெட்டு நல்லா இருக்கும்போது கூட. மேல சொன்னேன்ல, புது கோடெக்ல மிச்சம் புடிச்ச பிட்ட எதுக்கு செலவு பண்றதுன்னு, இதுக்குத்தான். 1 எம்பிபிஎஸ் எச்.264 வெறுமனே போறதையும், 700 கேபிபிஎஸ் ஏவி1 கூட 300 கேபிபிஎஸ் எஃப்இசி சேந்து போறதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, இந்த ஒரு கம்பேரிசன் தான் இந்த மொத்த வேலைக்கும் உயிர்.

மூணாவது, ஃபிரேம் அடுக்கையே மாத்துறது. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது டெம்போரல் லேயர். 30 ஃபிரேம்ல அடித்தட்டு 7.5 ஃபிரேம், அதுக்கு மேல ஒரு தட்டு, அதுக்கும் மேல ஒரு தட்டுன்னு பிரிச்சு வச்சா மேல் தட்டுல இருக்குற பாதி ஃபிரேம வேற எந்த ஃபிரேமும் நம்பி இல்ல, அது தொலைஞ்சா தொலைஞ்சது, யாருக்கும் நஷ்டமில்ல. எஃப்இசிய அடித்தட்டுக்கு மட்டும் கெட்டியா போடுங்க, செலவும் குறையும். அப்புறம் இன்ட்ரா ரெஃப்ரெஷ்: ஐ-ஃபிரேமே இல்லாம, ஒரு செங்குத்துப் பட்டை மட்டும் ஒவ்வொரு ஃபிரேம்லயும் புதுசா எழுதப்பட்டு இடமிருந்து வலமா நகந்து படத்த மொத்தமா புதுப்பிச்சிடும். ஐ-ஃபிரேம் வரும்போது பிட்ரேட் திடீர்னு எகிறுற தொல்லையே இல்ல, சின்ன அப்லோடு இருக்குறவங்களுக்கு வரப்பிரசாதம். எக்ஸ்264லயும் எக்ஸ்265லயும் இருக்கு. எஸ்விடி-ஏவி1லயும் அதே மாதிரி பேர்ல ஒரு ஆப்ஷன் கண்ணுல படும், ஏமாந்துடாதீங்க, அது எந்த ரக கீஃபிரேம்னு சொல்றது, பட்டை நகர்றது இல்ல.

ஸ்லைஸ் பத்தி ஒரு வார்த்தை. எச்.264ல ஒரு ஃபிரேம பல ஸ்லைஸா வெட்டி ஒவ்வொன்னையும் ஒரு பாக்கெட்டுக்குள்ள அடக்கலாம், ஒன்னு போனா மத்தது நிக்கும், எஃப்எஃப்எம்பெக் டிகோடரும் (சுருக்குனத விரிக்கிறது) ஓட்டைய பக்கத்து படத்த வச்சு ஒட்டுப்போட்டு காட்டும். 2003ல ஸ்டாண்டர்ட் வந்தப்போ பேஸ்லைன் ப்ரொஃபைல்ல பிளாக்குகள கலைச்சு அடுக்குறது, உபரி ஸ்லைஸ் அனுப்புறதுன்னு இதுக்குன்னே நிறைய வித்தை வச்சிருந்தாங்க. நடைமுறைல பெருசா யாரும் தொடல, எக்ஸ்264லயும் கிடையாது, 2013ல எச்.265 வந்தப்போ அதெல்லாத்தையும் தூக்கிட்டாங்க. வெப்ஆர்டிசில ஃபிரேம் முழுசா வந்து சேர்ற வரைக்கும் டிகோடருக்கே கொடுக்காது, அதனால அங்க ஸ்லைஸ் வெட்டி மீட்புல லாபமில்ல.

ஸ்டெப் 7: அளக்குறது

படத்தோட தரத்த அளக்க நெட்ஃபிளிக்ஸ் 2016ல வெளியிட்ட விமாஃப் நல்ல ஸ்கோர் தான், ஆனா அது சுருக்குறதாலயும் சைஸ் மாத்துறதாலயும் வர்ற கெடுதலுக்காக பழக்கப்படுத்துனது, பாக்கெட் தொலைஞ்சு வர்ற கறைக்கு இல்ல. இன்னொரு ஆபத்து, நடுவுல ரெண்டு ஃபிரேம் விழுந்துட்டா அதுக்கப்புறம் எல்லா ஃபிரேமும் தப்பான ஜோடியோட ஒப்பிடப்பட்டு ஸ்கோர் பாதாளத்துக்கு போயிடும். அதனால டைம்ஸ்டாம்ப் பாத்து, விழுந்த இடத்துல முந்தைய ஃபிரேமையே திருப்பிப் போட்டு எண்ணிக்கைய சமமாக்கிட்டு தான் அளக்கணும். சராசரிய மட்டும் பாக்காதீங்க, மோசமான 5% ஃபிரேமோட ஸ்கோர் என்னன்னு பாருங்க.

அத விட நான் முதல்ல பாக்குறது வேற: எத்தன தடவ உறைஞ்சது, மொத்தம் எவ்ளோ நேரம் உறைஞ்சு நின்னது, ரெண்டு செகண்ட் கட் ஆன பிறகு சுத்தமான படம் வர எவ்ளோ நேரம் ஆச்சு. வெப்ஆர்டிசின்னா குரோம்ல வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ் பக்கத்துல இதுல பாதி கிராஃபா வந்துடும், ஃப்ரீஸ் எண்ணிக்கை, நாக் (தொலைஞ்சத திருப்பிக் கேட்டது) எண்ணிக்கை, பிஎல்ஐ எண்ணிக்கை எல்லாம். பிஎல்ஐ எகிறிக்கிட்டே இருந்தா வாங்குறவர் அடிக்கடி "முழுப் படம் அனுப்பு"ன்னு கெஞ்சிட்டிருக்கார்னு அர்த்தம், ஒவ்வொரு கெஞ்சலுக்கும் ஒரு பெரிய ஐ-ஃபிரேம் போகும், ஏற்கனவே திணறுற நெட்டு இன்னும் திணறும்.

சரி, எங்க இருந்து தொடங்கலாம்?

வீடியோ கால்னா விபி8 (விபி9க்கு முந்தினது) இல்லன்னா எச்.264 கன்ஸ்ட்ரெய்ன்ட் பேஸ்லைன், வெப்ஆர்டிசி வீடியோவுக்குன்னு 2016ல வந்த ஸ்டாண்டர்ட் ஆர்எஃப்சி 7742ல இது ரெண்டும் கட்டாயம்னே எழுதிருக்கு, எந்த ஃபோன்லயும் ஓடும். அதுல டெம்போரல் லேயர் போட்டு ஒரு அளவு எடுத்து வச்சுட்டு அப்புறம் விபி9க்கும் ஏவி1க்கும் போங்க. ஸ்கிரீன் ஷேர்னா நேரா ஏவி1ஐ ட்ரை பண்ணுங்க, எழுத்து, கட்டம், ஒரே கலர் இடம் இதுக்கெல்லாம் அதுக்குள்ளயே தனி டூல் இருக்கு, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒரு பக்கமா அனுப்புற லைவ்க்கு ஹார்டுவேர் எச்.265, எஸ்ஆர்டி மேல, இதான் இப்போதைக்கு என் தேர்வு. பழைய ஆர்டிஎம்பில எச்.265 போகாது, 2023ல வந்த என்ஹான்ஸ்டு ஆர்டிஎம்பி ரெண்டு பக்கமும் இருந்தா தான் போகும், அதுவும் டிசிபி தான், ஒரு பாக்கெட் தொலைஞ்சா பின்னாடி வர்றதெல்லாம் க்யூல நிக்கும். எச்.266லாம் 2020லயே வந்துடுச்சு, ஆனா லைவ்ல போட்டு விளையாட இன்னும் எல்லார் கையிலயும் டிகோடர் இல்ல, விட்டுடுங்க.

ஏவி1 ஹார்டுவேர் என்கோடர் வேணும்னா என்விடியா 40 சீரிஸ், இன்டெல் ஆர்க், ஏஎம்டி 7000 சீரிஸ் மாதிரி 2022க்கு அப்புறம் வந்த கார்டு வேணும். பாக்குற பக்கமும் பாத்துக்கோங்க, ஐபோன்ல ஹார்டுவேர் ஏவி1 டிகோட் 2023ல 15 ப்ரோல தான் வந்தது, அதுக்கு முந்தின ஃபோன்ல சாஃப்ட்வேர்ல ஓடி பேட்டரிய குடிக்கும்.

ஆடியோவ மறந்துடாதீங்க. படம் உறைஞ்சா ஜனங்க பொறுத்துப்பாங்க, சத்தம் வெட்டி வெட்டி வந்தா கிளம்பிடுவாங்க. ஓபஸ் (ஆடியோ கோடெக்) போடுங்க, அதுக்குள்ளயே எஃப்இசி இருக்கு, ஆன் பண்ணி எதிர்பாக்குற லாஸ் எத்தன சதவீதம்னும் சொல்லிடுங்க, அத சொல்லாம விட்டா எஃப்இசி சும்மா பேருக்கு தான் இருக்கும். டெஸ்ட் ஓட்டும்போது வீடியோவுக்கு எவ்ளோ லாஸ் வச்சீங்களோ அதே லாஸ்ல ஹெட்ஃபோன் மாட்டி ஒரு தடவ கண்ண மூடிட்டு கேட்டுப் பாருங்க.